ஏக்கருக்குப் பத்து லிட்டர்

வானத்தில் பறக்கிற இயந்திரத்தை ஓட்டுவது சுலபம். வரப்பில் நின்று அதை வேடிக்கை பார்க்கிற ஆண்களைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. தஞ்சாவூரில் பதினைந்து நாள் பயிற்சி கொடுத்தார்கள். காற்று எந்தப் பக்கம் அடித்தால் எப்படித் திருப்ப வேண்டும், பேட்டரி சூடானால் என்ன செய்ய வேண்டும், எல்லாம் சொன்னார்கள். "ஏம்மா, இது கல்யாண வீடியோ எடுக்குமா?" என்று ஒரு நாளைக்கு எட்டுப் பேர் கேட்டால் என்ன செய்வது என்று மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை.

என் பெயர் செம்மொழி. நீடாமங்கலத்துக்குத் தெற்கே எங்கள் ஊர். எட்டு வருஷம் திருப்பூர் பனியன் கம்பெனியில் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். கணவர் கத்தாரில் கிரேன் ஓட்டுகிறார். எங்கள் பெண் தமிழ்நிலா என் அப்பா அம்மாவிடம் வளர்ந்தாள். தீபாவளிக்கு ஊருக்கு வந்தால் முதல் நாள் என்னைத் தூரத்திலிருந்து பார்ப்பாள். இரண்டாம் நாள் கிட்டே வருவாள். மூன்றாம் நாள் என்னை விட்டு நகரமாட்டாள். நான்காம் நாள் எனக்குப் பஸ். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு விருந்தாளியாக இருந்து அலுத்துப்போய்த்தான் வேலையை விட்டுவிட்டு வந்தேன்.

எங்கள் மகளிர் குழுக் கூட்டமைப்புக்கு, வயலுக்கு மருந்து தெளிக்கும் ட்ரோன் ஒன்று வந்தது. யார் ஓட்டுவது என்று கேட்டதும் நான் கையைத் தூக்கினேன். கூடவே தூக்கியவள் ஆயிஷா. வாயும் கையும் ஒரே வேகத்தில் ஓடுகிற பெண். நான் ஓட்டுவது, அவள் மருந்து கலந்து, பேட்டரி மாற்றி, வயல்காரர்களிடம் நோட்டில் கையெழுத்து வாங்குவது என்று பிரித்துக்கொண்டோம். கூட்டமைப்பு ஒரு நிபந்தனை போட்டது. மார்கழி முடிவதற்குள் இருநூறு ஏக்கர் அடித்துக் காட்ட வேண்டும். இல்லையென்றால் ட்ரோன் நன்னிலம் பக்கத்துக் குழுவுக்குப் போய்விடும். ட்ரோன் போனால் நானும் திருப்பூருக்குப் போக வேண்டியதுதான். தை பிறக்கும் வரை என் மிஷினை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பதாகச் சூப்பர்வைசர் அக்கா சொல்லியிருந்தார்.

ஐப்பசி முழுக்க ஊர் ஊராகப் பறக்கவிட்டுக் காட்டினோம். கூட்டத்துக்குக் குறைவில்லை. கைதட்டினார்கள், செல்போனில் படம் பிடித்தார்கள், ஆயிஷாவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள். வயலைக் கொடுங்கள் என்று கேட்டால் மட்டும், வீட்டில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். இந்த ஊர் ஆண்கள் வேறு எந்த விஷயத்தையாவது வீட்டில் கேட்டு நான் பார்த்ததில்லை.

முதலில் மனம் இரங்கியவர் அரசப்பன். கீழத்தெருக் குத்தகைக்காரர். பயிரில் இலைச்சுருட்டுப் புழு விழுந்திருந்தது.

"அரை ஏக்கர்தான் தருவேன். பயிர் கருகுச்சுன்னா நீதான் பொறுப்பு" என்றார்.

நான் ரோட்டோரம் குடையை நட்டு, நாற்காலி போட்டு உட்கார்ந்து ஓட்டினேன். நாலு நிமிஷம். ட்ரோன் திரும்பி வந்து இறங்கியது.

"என்னம்மா, நிறுத்திட்ட?"

"முடிஞ்சுதுங்க."

"எது?"

"அரை ஏக்கரும்."

அவர் வயலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு என் காலைப் பார்த்தார்.

"செருப்புல சேறுகூட ஒட்டலையேம்மா" என்றார்.

மறுநாள் காலையில் அந்த வழியாகப் போனேன். அதே அரை ஏக்கரில் ஒருவர் முதுகில் டேங்க் மாட்டிக்கொண்டு கையால் மருந்து அடித்துக்கொண்டிருந்தார். நேற்றுதானே நான் அடித்தேன் என்று பதறி வரப்பில் ஓடினேன். கிட்டே போனால், அது என் அப்பா.

அப்பா பெயர் ராஜாங்கம். முப்பது வருஷமாக எங்கள் ஊர் வயல்களுக்கு மருந்து அடிக்கிறவர். எந்த வயலில் எந்தப் பூச்சி எப்போது விழும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார்.

"அப்பா, நேத்துதான் நான் இங்க அடிச்சேன்!"

"தெரியும்மா."

"அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

"கூப்பிட்டாங்க, வந்தேன்."

"எம் பொண்ணு அடிச்சிட்டா, வேணாம்னு சொல்ல வேண்டியதுதானே?"

அப்பா பம்ப் அடிப்பதை நிறுத்தினார். "சொன்னேனே. 'உன் பொண்ணு வந்தா, பட்டம் விட்டா, போனா. நீ ஒரு தடவ அடிச்சு விடு ராஜாங்கம், அப்பதான் எனக்கு ராத்திரி தூக்கம் வரும்'னாரு."

ஒரே பயிருக்கு இரண்டு நாளில் இரண்டு மருந்து. அது பிழைத்ததே பெரிய விஷயம். புழு செத்தது. ஒரு வாரம் கழித்து டீக்கடையில் அரசப்பன், "ராஜாங்கம் கைராசியே தனிதான்" என்று பேசியதாக ஆயிஷா வந்து சொன்னாள். எனக்குக் கோபம் வந்தால் மூக்கு நுனி அரிக்கும். அன்றைக்குச் சொறிந்து சொறிந்து சிவந்துவிட்டது. வீட்டில் அப்பாவோடு பேசுவதை நிறுத்தினேன். சாப்பிடக் கூப்பிடுவதைக்கூடத் தமிழ்நிலா மூலமாகத்தான் சொல்லியனுப்பினேன். அவர் அதைப் பொருட்படுத்தாமல் வழக்கத்தைவிட ஒரு கரண்டி சோறு கூடுதலாகச் சாப்பிட்டார்.

யோசித்துப் பார்த்தால் அரசப்பன் மீதும் முழுத் தப்பு இல்லை. இங்கே மருந்து அடிப்பது என்றால் அடிக்கிற ஆள் தொப்பலாக நனைய வேண்டும். ஏக்கருக்குப் பத்து டேங்க் தண்ணீர் போக வேண்டும். பாதியில் கரையேறி டீயும் வடையும் கேட்க வேண்டும். அப்போதுதான் வேலை நடந்ததாக அர்த்தம். குடைக்குக் கீழே உட்கார்ந்து பத்து லிட்டரில் ஒரு ஏக்கரை முடிக்கிறவளை யார் நம்புவார்கள்?

"அப்ப நீ சேத்துல இறங்கிடுக்கா" என்றாள் ஆயிஷா.

"எதுக்கு?"

"சும்மாதான். அவங்க கண்ணுக்கு நெறவா இருக்கட்டும்."

செய்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அடுத்த வயலுக்குப் போகும் முன்பு வாய்க்காலில் இறங்கி முழங்கால்வரை சேறு பூசிக்கொண்டேன். தோளில் இரண்டு கை தண்ணீர் தெளித்துக்கொண்டேன். கைப்பையில் விமானி உரிமம், காலில் களிமண். வயல்காரர் என்னைப் பார்த்ததும், "பாவம், என்னமா பாடுபடுது பொண்ணு" என்று டீ வாங்கிக் கொடுத்தார். இப்படி இரண்டு வாரம் சேற்றைக் காட்டியே வயல் பிடித்தோம். பிறகு கால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வந்தது. இது தொழில் இல்லை, நாடகம் என்று ஆயிஷாவிடம் சொல்லிவிட்டுக் காலைக் கழுவினேன்.

மார்கழி பாதியானபோது நோட்டில் ஐம்பத்தெட்டு ஏக்கர் இருந்தது. கையில் இருந்தது பதினைந்து நாள்.

மிச்சமிருந்த ஒரே வழி துரைராசு ஐயா. எங்கள் வாய்க்காலில் பதினெட்டு ஏக்கர் அவருடையது. அவர் நாற்று விட்டால்தான் மற்றவர்கள் விடுவார்கள், அவர் உரம் போட்டால்தான் மற்றவர்கள் போடுவார்கள். வயலுக்கு வந்தாலும் வெள்ளை வேட்டியில் ஒரு பொட்டு அழுக்கு இருக்காது. நானும் ஆயிஷாவும் அவர் வீட்டுக்குப் போனோம். நாற்காலி போட்டு, காபி கொடுத்து, மரியாதையாகவே மறுத்தார்.

"ஏம்மா, பத்து டேங்க் ஊத்துற எடத்துல பத்து லிட்டர்ல முடிக்கிறேங்கிற. பத்து லிட்டர்ல என் வேட்டியே நனையாதே."

எனக்கு மூக்கு அரித்தது.

"நனையுதா இல்லையான்னு பாத்துடலாமுங்களா ஐயா? வேட்டியக் குடுங்க."

சொல்லிவிட்டேனே தவிர மேற்கொண்டு என்ன செய்வதென்று எனக்கே தெரியவில்லை. தண்ணீர் தெளித்தால் ஐந்து நிமிஷத்தில் காய்ந்துவிடும். எங்கே விழுந்தது, எங்கே விழவில்லை என்று யார் கண்டார்கள்? அந்த நேரத்தில் கொல்லைப் பக்கமிருந்து அவர் மனைவி ராஜாத்தியம்மா வந்தார். துணி அலசிக்கொண்டிருந்தவர், ஈரக் கையில் சொட்டு நீல பாட்டிலோடு அப்படியே வந்துவிட்டார். நான் அந்த பாட்டிலைப் பார்த்தேன். என் பார்வை போன இடத்தை அவரும் பார்த்துவிட்டார்.

"இருபத்தெட்டு வருசமா இவரு வேட்டிக்கு நாந்தான் நீலம் போடுறேன். ஒரு நாளைக்கு நீ போடேன் செம்மொழி" என்று சொல்லி பாட்டிலை என் கையில் வைத்தார். உள்ளே போய் இரண்டு வேட்டி எடுத்து வந்தார். அதில் ஒன்று கரை வேட்டி. துரைராசு ஐயா அதைப் பார்த்து வாயைத் திறந்தார். மனைவி முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்.

"சரி. ஆனா பக்கத்துலயே கையாலயும் அடிச்சுக் காட்டணும். அதுக்கு ராஜாங்கம்தான் வரணும்" என்றார்.

அப்பாவிடம் பேசாத விரதம் அன்றோடு முடிந்தது.

"அப்பா, நாளைக்கு ஐயா வயல்ல உங்களுக்கும் எனக்கும் போட்டி. மருந்து கிடையாது, நீலத் தண்ணிதான்."

அப்பா கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "ஊரே வருமே. அந்த வெள்ளச் சட்டையப் போட்டுக்கவா?" என்று கேட்டார். கல்யாணம் காதுகுத்துக்கு மட்டும் போடுகிற சட்டை அது. நீலத் தண்ணீர்தானே, துவைத்தால் போய்விடும் என்று நானும் பேசாமல் இருந்தேன்.

காலையில் காற்று இல்லை. வெயில் இதமாக இருந்தது. வரப்பு கொள்ளாத கூட்டம். பயிர் தொடை உயரம் நின்றது. ஒரு பக்கத்தில் கரை வேட்டி, இன்னொரு பக்கத்தில் மற்ற வேட்டி, இரண்டையும் பயிரின் தலைமேல் விரித்து நான்கு மூலையிலும் குச்சி நட்டுக் கட்டினோம். வேட்டியை ஒட்டி நின்ற பயிரின் இடுப்பிலும் அடியிலுமாக வெள்ளைத் துணிக் கிழிசல்களை ஆயிஷா முடிந்துவிட்டாள். "மேல படுறது பெருசில்ல, புழு உள்ளதானே ஒளிஞ்சிருக்கு" என்று கூட்டத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள். அப்பா அதற்குத் தலையாட்டினார். தொழில் என்று வந்தால் எதிரி சொன்னாலும் நியாயம் நியாயம்தான் அவருக்கு.

முதலில் அப்பா இறங்கினார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டி, முதுகில் டேங்க். இடது கையால் பம்ப் அடித்து, வலது கையால் குழாயை வீசி வீசி, அடித்த பயிரைத் தள்ளிக்கொண்டே நடந்தார். அவர் நடையில் ஒரு கம்பீரம் இருந்தது. அந்த நடையை அதுவரை நான் நின்று பார்த்ததே இல்லை. பிறகு என் முறை. ட்ரோன் எழும்பிப் பயிருக்கு மேலே தாழ்வாக ஓடியது. இறக்கைக் காற்றில் பயிர் வகிடு பிரிந்து பிரிந்து மூடியது. இரண்டு நிமிஷத்தில் இறக்கிவிட்டேன்.

வேட்டிகளை அவிழ்த்துக்கொண்டு வந்து ரோட்டில் விரித்தார்கள். அப்பா அடித்த வேட்டியில் பெரிதாக இரண்டு திட்டு நீலம், நடுவில் அகலமாக ஒன்றுமே இல்லாத வெள்ளை. என் வேட்டியில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை சுங்குடிச் சேலைப் புள்ளிகள்போலச் சின்னச் சின்னப் பொட்டுகள். பயிரின் அடியில் கட்டிய கிழிசலிலும் பொட்டு விழுந்திருந்தது. துரைராசு ஐயா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். விரலால் தடவிப் பார்த்தார். "ஏக்கருக்குப் பத்து லிட்டர்தானா?" என்றார். ஆயிஷா வேட்டியைத் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டிக்கொண்டே ஒரு சுற்றுச் சுற்றினாள்.

அப்போதுதான் யாரோ சிரித்தார்கள். எல்லோரும் திரும்பினோம். அப்பா கரையேறி வந்துகொண்டிருந்தார். முன்பக்கம் முழுக்க நீலம். முதுகில் டேங்க் ஒழுகிய இடமெல்லாம் நீலம். தொடையிலிருந்து பாதம்வரை நீலம். கழுத்து, தாடை, மீசை ஓரம்கூட நீலம். வயலில் விழுந்ததைவிட அவர்மேல் விழுந்ததுதான் அதிகம். அப்பாவும் தன்னைக் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். ராஜாத்தியம்மாதான் முதலில் நிறுத்தினார்.

"ராஜாங்கண்ணே, தெனமும் இப்படித்தான் நனையுமா?"

"தெனமும்தாம்மா. இன்னிக்கு நீலம், அதனால தெரியுது."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். யாரும் அதன் பிறகு சிரிக்கவில்லை. முப்பது வருஷமாக அந்த உடம்பில் இறங்கியது நீலம் இல்லையே. நான் வேட்டியைப் பற்றி யோசித்தேன், பயிரைப் பற்றி யோசித்தேன், என் இருநூறு ஏக்கரைப் பற்றி இரவு பகலாக யோசித்தேன். இதை யோசிக்கவே இல்லை. அரசப்பன் கூட்டத்தில் பின்னால் நகர்ந்து நின்றுகொண்டார்.

துரைராசு ஐயா கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தார். "நாளைக்கே வந்து பதினெட்டு ஏக்கரையும் அடிச்சிடும்மா" என்றார். பிறகு அப்பாவைப் பார்த்து, "ராஜாங்கம், நீ இனிமே அந்த டேங்க்கத் தூக்காத" என்றார்.

"தூக்கலைன்னா நான் வேலைக்கு எங்க போறது ஐயா?" என்றார் அப்பா.

"எங்கூட" என்றேன் நான்.

"அதுதான் தானா பறக்குதே. நான் எதுக்கு?"

எதற்கு என்று அப்போது எனக்கும் தெரியாது. மூன்றாம் நாள் அவரே கண்டுபிடித்தார். துரைராசு ஐயா வயலை முடித்ததும் போன் ஓயவில்லை. யார் முதலில் போன் செய்கிறாரோ அவர் வயலுக்கு முதலில் போவது என்று நாங்கள் ஓடினோம். கிழக்கே ஒரு ஏக்கர், மேற்கே இரண்டு கிலோமீட்டர் தள்ளி அரை ஏக்கர், திரும்பவும் கிழக்கே. பாதிப் பகல் சுமை ஆட்டோவில் போயிற்று. அப்பா ஒரு நாள் முழுக்க எங்களோடு அலைந்துவிட்டு, சாயங்காலம் தலையில் அடித்துக்கொண்டார்.

"என்ன பைத்தியக்காரத்தனம் இது? முறைத் தண்ணி எப்படிப் பாயுது? தலைமடைலேர்ந்து கடைமடைக்கு, வயல் வயலா வருதுல்ல? அப்படிப் போனா என்ன?"

ஆற்றில் தண்ணீர் குறைந்த வருஷங்களில் முறை வைத்துத்தான் பாய்ச்சுவார்கள். தலைமடைக்காரருக்குப் பிறகு அடுத்தவர், அவருக்குப் பிறகு அடுத்தவர். அந்த வரிசையை எங்கள் ஊரில் எவரும் மறுத்துப் பேசமாட்டார்கள். அப்பா வாய்க்கால் வாய்க்காலாக நடந்தார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, "உங்க முறை வியாழக்கிழமை ஒன்பது மணி. மருந்தை வாங்கி வரப்புல வெச்சுடுங்க. தவறிட்டா கடைசிதான்" என்று சொல்லிவிட்டு வந்தார். நான் சொன்னால் நூறு கேள்வி கேட்பவர்கள் அவரிடம், "சரிப்பா" என்றார்கள். ட்ரோனை ஒரே இடத்தில் இறக்கி ஏற்றியே பத்து வயலை முடித்தோம். ஒரு நாளைக்கு எட்டு ஏக்கர் என்பது பதினைந்தாயிற்று. "நீங்க எத்தனாவது முறை தெரியுமா? வரிசையில நில்லுங்க" என்று அரசப்பனை அப்பா அதட்டியதை நான் என் காதால் கேட்டேன். மூக்கு அரிப்பு அன்றோடு நின்றது.

நூற்றைம்பத்தேழு ஏக்கர் முடிந்தபோது மழை பிடித்தது. மூன்று நாள் விடாத மழை. நனைந்த பயிருக்கு மருந்து அடிக்க முடியாது. வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாற்பத்து மூன்று ஏக்கர் பாக்கி. சூப்பர்வைசர் அக்கா போன் செய்தார். நான் எடுக்கவில்லை.

நான்காம் நாள் வெளுத்தது. மார்கழி முடிய இரண்டே நாள். ஒரு நாளைக்கு இருபது ஏக்கருக்கு மேல் போக வேண்டுமானால் பேட்டரியை வயலிலேயே ஏற்ற வேண்டும். அதற்கு ஜெனரேட்டர் வேண்டும். சவுண்ட் சர்வீஸ் ஜெக்கரியாவிடம் ஆயிஷா போய் நின்றாள். மார்கழியில் கல்யாணம் கிடையாது. அவருடைய ஜெனரேட்டர் கொட்டகையில் சும்மா கிடந்தது. "எடுத்துட்டுப் போம்மா, அதுவும் ஓடினாத்தான் நல்லது" என்று கொடுத்தார். வரப்பில் ஜெனரேட்டர் ஓட, ஒரு பேட்டரி பறக்க, மூன்று பேட்டரி ஏற, அப்பா முன்னால் ஓடி ஓடி அடுத்த வயல்காரரைத் தயார் செய்ய, முதல் நாள் இருபத்து மூன்று. ராஜாத்தியம்மா எங்கள் மூவருக்கும் புளிசாதம் கட்டி அனுப்பியிருந்தார். நின்றுகொண்டே சாப்பிட்டோம்.

மறுநாள் சனிக்கிழமை. சாயங்காலம் நாலரை மணிக்குக் கடைமடை வயலில் ட்ரோனை இறக்கினேன். கூட்டமைப்பிலிருந்து சுடர்விழி வந்திருந்தாள். ட்ரோனை ஏற்றிப் போகத் தயாராக ஒரு வண்டியையும் கொண்டுவந்திருந்தாள். ஆயிஷா நோட்டை நீட்டினாள். சுடர்விழி ஒவ்வொரு கையெழுத்தாகக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவள் விரல் நகர்வதையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிப் பக்கத்தில் நிறுத்தினாள்.

"இருநூறு சரியா இருக்கு செம்மொழி. வண்டி காலியாத்தான் திரும்பப் போகுது. வாடகைய எங்க ஆபீஸ்ல எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்று சிரித்தாள்.

ஆயிஷா கத்திய கத்தலில் வயலில் இருந்த கொக்குகளெல்லாம் எழும்பின. அப்பா யாரையும் பார்க்காமல் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். நான் வரப்பிலேயே உட்கார்ந்து திருப்பூருக்குப் போன் போட்டேன். "அக்கா, என் மிஷினை வேற யாருக்காச்சும் குடுத்துடுங்க" என்றேன். அவர், "நல்லா இரு செம்மொழி" என்றார்.

பள்ளி விடுமுறை என்பதால் தமிழ்நிலா காலையிலிருந்தே வயலில் இருந்தாள். நான் போனில் பேசியதைக் கேட்டுவிட்டாள் போலிருக்கிறது. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, புல்லைக் கிள்ளிக்கொண்டே கேட்டாள்.

"பொங்கல் லீவு முடிஞ்சதும் பேரண்ட்ஸ் மீட்டிங்காம். தாத்தா வரணுமா, அம்மாச்சி வரணுமா?"

"நான் வர்றேன்."

"பிப்ரவரில ஆண்டு விழா. டான்ஸுக்குத் தலை சீவி விடணும்."

"நான்தான்."

"ஏப்ரல் மாசம் ரேங்க் கார்டு வாங்க?"

"அதுக்கும் நான்தான்."

அவள் புல்லை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நம்பலாமா என்று யோசிப்பது தெரிந்தது. "ஆறாவது சேக்குறதுக்கு?" என்றாள். நான்தான் என்றேன். "பத்தாவது பரீட்சைக்குக் கொண்டுபோய் விட?" நான்தான். அப்பா கூப்பிட்டார், ஆயிஷா கூப்பிட்டாள், இவள் என்னை எழுந்திருக்க விடவில்லை. காலேஜ் ஹாஸ்டல் வரைக்கும் போய்விட்டாள். கேட்ட ஒவ்வொன்றுக்கும் நான்தான், நான்தான் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். சொல்லச் சொல்ல எனக்கு அலுக்கவே இல்லை.